வாங்க, மச்சான்

வைரக்கண்ணுவை மச்சான் என்று கூப்பிடுகிறவர்கள் இன்றைக்கு ஐம்பது பேராவது இருப்பார்கள். டீசல் பங்கில் பம்பு பிடிக்கிறவர் கூப்பிடுகிறார். அறுவடை மெஷினுக்கு வயல் பேசிக் கொடுக்கிற புரோக்கர் கூப்பிடுகிறார். சென்னையிலிருந்து அறுப்பைப் பார்க்க வந்து, வரப்பில் கூலிங் கிளாஸோடு நிற்கும் என்ஜினியர் கூப்பிடுகிறார். முகம் தெரியாத யாரோ போனில், "மச்சான், செயின் வண்டி இப்ப எந்த ஊர்ல நிக்குது? எங்க வயல்ல சேறு ஜாஸ்தி, டயர் வண்டி எறங்காது" என்கிறான். வைரக்கண்ணுவும் "இதோ வந்துடறேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் அந்தக் குரலை மறந்துவிடுகிறான்.

முறைப்படி அவனை அப்படிக் கூப்பிட முதல் உரிமை உள்ளவன் ஒருத்தன்தான். தங்கை செவ்வந்தியின் கணவன், அறிவுச்செல்வன். அவனும் கூப்பிடத்தான் செய்கிறான். திருவாரூருக்குத் தெற்கே பூந்தாழங்குடியில், அவன் வீட்டு வாசலில் வைரக்கண்ணுவின் பைக் வந்து நின்றால் போதும். உள்ளேயிருந்து எழுந்து வந்து, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "வாங்க, மச்சான்" என்பான். ஃபேன் போடச் சொல்வான். காபி வரும். "மெஷின் எப்படி ஓடுது மச்சான்?" என்பான். "ஓடுதுங்க மாப்ள" என்பான் வைரக்கண்ணு. இருவரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த 'வாங்க'தான் வைரக்கண்ணுவுக்குத் தொண்டையில் நெல் உமி மாதிரி ஒட்டிக்கொள்ளும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதே வாய் அவனை 'டேய் மச்சான்' என்று கூப்பிட்டது. ஊரே இன்றைக்கு அவனுக்கு வாரி வழங்குகிற அந்த மச்சானை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வது? முன்னால் ஒரு டேய் போட்டு, பின்னால் ஒரு டா போட்டு, அதை அறிவு சொல்லிக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் அவன் ஆசை. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

வைரக்கண்ணுவின் அப்பா வீரையன் காலத்தில் மச்சான் என்பது அளந்து செலவழிக்கிற வார்த்தை. பெண் கொடுத்தவன், பெண் எடுத்தவன், கொடுக்கவோ எடுக்கவோ முறை உள்ளவன், இவர்கள்தான் மச்சான். மற்றவர்களை அப்படிக் கூப்பிட்டால் அது வம்புக்கு இழுப்பது. "என்ன மச்சான்ங்கற, உன் தங்கச்சிய நான் கட்டிக்கவா?" என்று கைகலப்பே வந்திருக்கிறது. டேய் என்ற சொல்லுக்கோ அவர் வாழ்க்கையில் வேறு கணக்கு. பண்ணையில் வேலை செய்தவர் அவர். மிராசுதார் வீட்டில் பத்து வயசுப் பிள்ளை வரப்பில் நின்றுகொண்டு, நரைத்த தலையோடு சேற்றில் நின்ற அவரை "டேய் வீரையா" என்று கூப்பிடும். அவர் "சொல்லுங்க தம்பி" என்பார். அந்தக் காலம் முடிந்து, சொந்தமாக முக்கால் ஏக்கர் வாங்கி, ஓட்டு வீடு கட்டியதும் அவர் போட்ட ஒரே சட்டம், இந்த வீட்டுக்குள் யாரும் யாரையும் டேய் போடக் கூடாது என்பதுதான். பெற்ற மகனைக்கூட அவர் "வாப்பா, போப்பா" என்றே கூப்பிட்டார்.

அந்த வீட்டுப் பிள்ளை தொண்ணூற்றேழில் திருவாரூர் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, வகுப்பு முழுக்க மச்சானும் மாப்ளையுமாக இரைந்துகொண்டிருந்தது. முறையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பஸ்ஸில் இடம் பிடிக்க மச்சான், பேனா கடன் கேட்க மாப்ள. ஆனால் வைரக்கண்ணுவும், அதே பெஞ்சில் உட்கார்ந்த பூந்தாழங்குடி அறிவுச்செல்வனும் ஒன்றைக் கவனித்தார்கள். மேலத்தெருப் பையன்கள் அவர்களிடம் நன்றாகத்தான் பேசினார்கள், சோறுகூடப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த வார்த்தை மட்டும் அவர்கள் பக்கம் வரும்போது நின்றுவிடும். பெயரைச் சொல்வார்கள். அல்லது வெறும் டேய்.

பெஞ்சின் மூன்றாவது ஆள் யூனுஸ், கொடிக்கால்பாளையத்துக்காரன். அப்பா துபாயில். வாய் ஓயாதவன். அவன்தான் ஒருநாள் இதைப் போட்டு உடைத்தான்.

"ஏன்டா அவனுங்க உங்களை மச்சாங்க மாட்டேங்கறானுங்க தெரியுமா? சொல்லிட்டா நாளைக்கு பொண்ணு கேட்டு வந்து நின்னுடுவீங்களோன்னு பயம். எங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. எங்க வீட்டுல உங்களுக்குப் பொண்ணு தரப் போறதில்ல, உங்க வீட்டுல எனக்கும் தரப் போறதில்ல. அப்புறம் என்னடா, சும்மா தாராளமாக் கூப்பிட்டுக்குவோம். டேய் மச்சான்!"

"என்னடா மச்சான்!" என்றான் அறிவு.

வைரக்கண்ணுவுக்கு முதலில் நாக்கு எழவில்லை. வீட்டில் தடைசெய்யப்பட்ட ஒரு வார்த்தையையும், வீட்டில் அளந்து செலவழிக்கப்பட்ட ஒரு வார்த்தையையும் ஒன்றாகச் சேர்த்து, சும்மா, எந்தக் காரணமும் இல்லாமல் அள்ளி இறைக்க வேண்டும். ரெண்டாம் நாள் வார்த்தை வந்துவிட்டது. அப்புறம் நிற்கவே இல்லை. டேய் என்பதில் இவ்வளவு இனிப்பு இருக்கிறதா என்று அவனுக்கு ஆச்சரியம். யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது எல்லாம். அப்பாவிடம் இதை விளக்க முடியாது. வைரக்கண்ணுவின் ஊரான வேலங்குடியின் பாலம் தாண்டும்வரை டேய் மச்சான், பாலம் தாண்டி வீடு நெருங்கிவிட்டால் வைரக்கண்ணு, அறிவு என்று பெயர். அப்படி ஓர் ஒப்பந்தம்.

படிப்பு முடிந்து வைரக்கண்ணு டிராக்டர் ஓட்டவும் பிறகு அறுவடை மெஷின் ஓட்டவும் போனான். யூனுஸ் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் கடை வைத்தான். அறிவு ஐடிஐ முடித்து இரண்டாயிரத்தைந்தில் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யூனுஸ் கடைக்கு போன் வரும்.

"டேய் மச்சான், இங்க ஒரு கூத்துடா. சீன மேஸ்திரி என்னைப் பாத்து 'மச்சா, மச்சா'ங்கறான். நாம சொல்றதக் கேட்டுக் கேட்டு, தமிழனுக்கே அதான் பேருன்னு நெனச்சிருக்கான்."

"நீ என்னடா சொன்ன?"

"வாரேன் மச்சான்னேன். வேற என்ன சொல்றது? பொண்ணா கேக்க முடியும்?" சிரித்துவிட்டுத் தொடர்ந்தான். "மச்சாங்கறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான்டா இங்க. ஒரு பய டேய்ங்க மாட்டேங்கறான். நீ சொல்லு, ஒரு தடவை."

"டேய்."

"இன்னொரு தடவை."

"டேய் வெண்ண, காசு ஓடுதுடா, வெய்யி போனை."

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவு சுற்றி வளைத்துப் பேசினான். வேலங்குடியில் மழையா என்றான். மாடு கன்று போட்டதா என்றான். கடைசியில் கேட்டான்: "டேய், நாம ஏன் நிஜமாவே மச்சான் ஆயிடக் கூடாது?"

வைரக்கண்ணுவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் போனை யூனுஸ் கையில் திணித்துவிட்டுக் கடைக்கு வெளியே வந்து, நடுரோட்டில் நின்று ஒரு சத்தம் போட்டான். ஒரே சாதி, முறையும் தப்பில்லை, நல்ல பையன், கைநிறைய வேலை. எல்லாவற்றையும்விட, இனி இவன் எங்கும் போய்விட மாட்டான். சிநேகிதன் பிரிந்துபோகலாம், சொந்தம் எங்கே போகும்? ரெண்டு பேரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

பாலர் பள்ளியில் டீச்சராக இருந்த செவ்வந்தி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: "அவரு உனக்குப் பிடிச்சவரா, எனக்குப் பிடிக்கப் போறவரா?" போட்டோவை வாங்கி ரெண்டு நாள் வைத்திருந்துவிட்டு, சரி என்றாள்.

கல்யாண மண்டபத்தில், வாசலில் வந்து நின்ற மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட வைரக்கண்ணு பித்தளைச் செம்போடு குனிந்தான். பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவதும் முறை. தண்ணீர் பட்டதும் அறிவு காலை வெடுக்கென்று இழுத்தான். குனிந்து காதோரம், "டேய், வேண்டாம்டா, கூச்சமா இருக்கு" என்றான்.

"சும்மா காட்டுடா" என்றான் வைரக்கண்ணு, பல்லைக் கடித்துக்கொண்டு.

பின்னால் நின்ற கிழவிகள், "மாப்ளைக்குக் கூச்சத்தப் பாரு" என்று சிரித்தார்கள். வைரக்கண்ணு நிமிர்ந்தபோது மோதிரம் அவன் விரலுக்கு வந்தது. அப்பா வீரையன் வெள்ளை வேட்டியில் கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வந்து அவர் மகனை "வாங்க மச்சான், உக்காருங்க மச்சான்" என்று அழைத்துக்கொண்டு போனதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி அதற்கு முன் இருந்ததில்லை. ஆயுசு முழுக்க அவர் காதில் விழாத ஒரு 'ங்க', அன்றைக்கு அவர் பிள்ளைக்கு மாலை மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

தப்பு நடந்தது அடுத்த பொங்கலுக்கு.

தங்கைக்குப் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு வைரக்கண்ணு லோடு ஆட்டோவில் பூந்தாழங்குடி போனான். புதுப்பானை, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், ஒரு கட்டுக் கரும்பு. வாசலில் பந்தல் போட்டு, அறிவின் சித்தப்பன் பெரியப்பன்மார் ஏழெட்டுப் பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்த அறிவு, புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரும்புக்கட்டை இறக்க ஓடி வந்தான். ஒரு முனை அவன் கையில், இன்னொரு முனை வைரக்கண்ணுவின் கையில். அறிவின் பிடி நழுவிக் கட்டு சரிந்தது.

"டேய் டேய்! ஒழுங்காப் புடிடா எருமை! சிங்கப்பூர்ல இதான் கத்துக்கிட்டியா?"

அறிவு சிரிக்கத்தான் வாய் திறந்தான். அதற்குள் பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு பெரியவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். பெண் கொடுத்த வீட்டிலிருந்து சீரோடு வந்தவன், மாப்பிள்ளையை, அவன் வாசலில், அவன் பங்காளிகள் முன்னால். அறிவின் அம்மா அகிலாண்டம் உள்ளேயிருந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, இந்த வீட்டு ஆம்பளைய டேய்னு கூப்பிட ஒரு காலத்துல நெறைய பேரு இருந்தாங்க. இவன் அப்பாவ நடவு வரப்புல நிக்க வெச்சுக் கூப்பிட்டத நான் குனிஞ்சபடியே கேட்டிருக்கேன். இப்பதான் யாரும் இல்லாமப் போயிருக்கு. நீங்க புதுசா ஆரம்பிச்சு வைக்காதீங்க."

வைரக்கண்ணு சீரை இறக்கி வைத்தான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டான். செவ்வந்தி பரிமாறினாள், அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் போனில், "ஒண்ணும் இல்லண்ணே, சோறு போடுறப்ப மட்டும் அத்தை, 'மரியாதை தெரியாத எடத்துல பொண்ணெடுத்துட்டோம்'ங்கறாங்க. நாளாவட்டத்துல சரியாயிடும்" என்றாள். பக்கத்தில் இருந்த வீரையனுக்கும் அது கேட்டது. அவர் மகனைத் திட்டவில்லை. "நான் கேட்டது போதாதாப்பா? நம்ம வாயாலயும் அது வரணுமா?" என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலமே வைரக்கண்ணு அறிவுக்கு போன் போட்டான். வாய்க்கால் மதகுமேல் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "மாப்ள, அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிச்சுக்குங்க."

வைரக்கண்ணு காத்திருந்தான். இவன் சிரிப்பான், 'என்னடா நாடகம் போடுற' என்பான், உடனே நானும் சிரித்துவிடுவேன் என்று காத்திருந்தான்.

"சரிங்க மச்சான்" என்றான் அறிவு.

அவ்வளவுதான். ரெண்டு பேரில் ஒருவர் அந்த நேரத்தில் சிரித்திருந்தால் போதும். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினைந்து பொங்கல் போய்விட்டது. செவ்வந்திக்கு எழில்மொழி பிறந்தாள், தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். வீரையன் இறந்தார், மாப்பிள்ளை முன்னால் நின்று எல்லாக் காரியமும் பார்த்தான். அகிலாண்டமும் காலப்போக்கில் கனிந்து, "எங்க சம்பந்தி வீட்டுப் பிள்ளை மாதிரி பணிவு யாருக்கு வரும்" என்று ஊரில் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். செவ்வந்தி அந்த வீட்டில் நன்றாக இருந்தாள். வைரக்கண்ணு விலை கொடுத்து வாங்கியது அதுதான், அதில் அவனுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம், அந்த விலையாகப் போனவன் எதிரிலேயே உட்கார்ந்து "இன்னொரு இட்லி வெச்சுக்குங்க மச்சான்" என்று சொல்லும்போதுதான்.

இதற்குள் வார்த்தை எங்கெங்கோ போய்விட்டது. மேலத்தெருப் பையன்கள், அவர்களுடைய பையன்கள், எல்லோரும் அவனை மச்சான் என்றார்கள். எட்டாவது படிக்கும் எழில்மொழி தன் சிநேகிதியிடம் போனில், "மச்சி, ஹோம்வொர்க் அனுப்புடி" என்கிறாள். யூனுஸ் அதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். "எங்க பக்கம் மச்சின்னா அண்ணன் பொண்டாட்டிடா! இதுங்க ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மச்சிங்கறதுகளே, எப்படிடா?"

அந்த யூனுஸ்தான் இந்த மாசியில், சம்பா அறுப்பு முடிந்து வைரக்கண்ணு போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போனபோது, திடீரென்று கேட்டான்.

"ஏன்டா, நீ வந்தா, 'அவன் எப்படிடா இருக்கான்'னு அறிவைப் பத்திக் கேக்குற. அவன் வந்தா, 'அந்தப் பய எப்படிடா இருக்கான்'னு உன்னைப் பத்திக் கேக்குறான். எதிர எதிர பாத்துக்கிட்டா மட்டும் ஏன்டா கலெக்டர் ஆபீஸ் வந்த மாதிரி பேசுறீங்க?"

வைரக்கண்ணுவுக்குக் காது சூடாயிற்று. "அந்தப் பயன்னா சொன்னான்?"

"போன வாரம்கூடச் சொன்னான்."

"பயன்னேவா?"

"ஏன்டா, எழுதிக் குடுக்கணுமா? மூணு பேரும் ஒரு நாள் வேளாங்கண்ணி போறோம். பொம்பளைங்க கிடையாது, பிள்ளைங்க கிடையாது, பெரியவங்க கிடையாது. கடக்கரையில உக்காந்து மீன் திங்கிறோம். அங்க உங்களை யாருடா பாக்கப் போறா?"

சனிக்கிழமை என்று முடிவாயிற்று. அதுவரை மூன்று நாளும் வைரக்கண்ணு மெஷினின் செயினைக் கழற்றி மண்ணைச் சுரண்டிக்கொண்டே யோசித்தான். அந்தப் பய. அந்தப் பய என்றிருக்கிறான். அப்படியென்றால் உள்ளே இருக்கிறது. ஆள் இல்லாத இடத்தில் வெளியே வரும். தானாக ஆரம்பிக்கக் கூடாது, ஒரு தடவை ஆரம்பித்துப் பட்டது போதும். அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். வந்தால், கப்பென்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை யூனுஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வைரக்கண்ணு பூந்தாழங்குடி போய் பைக்கை விட்டான், அறிவு காரை எடுத்தான். கதவைத் திறந்து, "மச்சான், நீங்க முன்னாடி உக்காருங்க" என்றான்.

"பரவால்லீங்க மாப்ள, யூனுஸ் உக்காரட்டும்."

"இல்லல்ல, நீங்க உக்காருங்க."

"யா அல்லா" என்றான் யூனுஸ், பின் சீட்டில் விழுந்தபடி. நாகப்பட்டினம் தாண்டும்வரை அவன் ஒருத்தன்தான் பேசினான்.

கடற்கரையில் கூட்டம் குறைவு. மொட்டை போட்ட குடும்பங்கள் நாலைந்து அலையில் நின்றன. மீன் கடையில் சிவப்பு மசாலா தடவிய சங்கராவையும் வாளையையும் பொரித்து இலையில் கொடுத்தார்கள். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இலை நடுவில் இருந்தது. வைரக்கண்ணு எடுக்கவில்லை. அறிவும் எடுக்கவில்லை.

"எடுத்துக்குங்க மச்சான்."

"நீங்க எடுங்க மாப்ள."

"சூடு ஆறிடும், நீங்க எடுங்க."

யூனுஸ் கையை ஓங்கி பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினான். "டேய் அறிவு! அகிலாண்டம் அம்மா இங்க இல்ல. வீரையன் அப்பா போய்ச் சேர்ந்தாச்சு. உன் பங்காளி ஒருத்தனும் இல்ல. இவனைப் பாத்து ஒரு தடவை டேய்னு சொல்லு. இல்லேன்னா இந்த மீனை நானே தின்னுட்டுப் போயிட்டே இருப்பேன்."

வைரக்கண்ணு கடலைப் பார்த்தான். பார்க்காதவன் மாதிரி இருந்தாலும் உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. அறிவு அவன் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. ஒரு அலை வந்து போயிற்று, இன்னொன்றும் வந்தது.

"வரலடா யூனுஸு" என்றான் அறிவு. "உன்னைச் சொல்ல வருது. இவங்களை..." என்று நிறுத்தினான்.

இவங்களை. வைரக்கண்ணு தலையைக் குனிந்து மீனில் ஒரு துண்டைப் பிய்த்தான். அந்தப் பய என்பது யூனுஸ் கடையில் மட்டும் உயிரோடு இருக்கிற ஆள் போலிருக்கிறது. இங்கே வந்திருப்பது செவ்வந்தியின் அண்ணன். அதற்கு மேல் ஆசைப்பட என்ன இருக்கிறது? பதினைந்து வருஷம் சொல்லாத நாக்கு. அவனால் மட்டும் இப்போது சொல்ல முடியுமா? உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தான். எச்சில்தான் வந்தது.

"மொதல்ல சொன்னது நீங்கதான் மச்சான்" என்றான் அறிவு திடீரென்று, கடலைப் பார்த்தபடி. "பொங்கலுக்கு அப்புறம். போன்ல. மாப்ள, மன்னிச்சுக்குங்கன்னு."

"ஆமா, சொன்னேன்."

"நீங்க சிரிப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

வைரக்கண்ணு நிமிர்ந்தான். "நீங்க சிரிப்பீங்கன்னு நான்ல காத்துக்கிட்டிருந்தேன்!"

"மன்னிப்புக் கேக்குறவங்கள பாத்து எப்படிங்க சிரிக்கிறது?"

"ஏன், கரும்பப் போட்டது நீங்கதானே? கையில எண்ணெய தடவிக்கிட்டா வந்தீங்க?"

"கட்டை ஒழுங்காக் கட்டிட்டு வர்றதுக்கு என்னங்க? சீர் கொண்டு வர்ற லட்சணமா அது? பாதி கரும்பு சொத்தை!"

"சொத்தையா? நானே பொறுக்கி எடுத்தேங்க!"

"அதான் சொத்தை. ஒன்பதாவதுல கணக்குப் பரிட்சைல எனக்குக் காட்டுனீங்களே, அது மாதிரி. அதப் பாத்து எழுதிதானே நானும் ஃபெயிலானேன்!"

"பாத்து எழுதுனவங்களுக்கு ரோசத்தப் பாரு! பதினஞ்சு வருஷமா ஃபேனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க? தொப்பைதாங்க வளர்ந்துது உங்களுக்கு, புத்தி வளரல!"

"நீங்க மட்டும் என்ன, முட்டாளுங்க மச்சான் நீங்க! படு முட்டாளுங்க!"

யூனுஸ் பெஞ்சிலிருந்து வழுக்கி மணலில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "டேய், திட்டுறதையாவது மரியாதையில்லாமத் திட்டுங்கடா!" என்று கும்பிட்டான். மீன்காரம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார், அடித்துக்கொள்ளப் போகிறார்களோ என்று.

சிரித்தது முதலில் யார் என்று ரெண்டு பேருக்கும் தெரியாது.

அந்த நேரம் பார்த்து அறிவின் போன் அடித்தது. எடுக்கிற அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கரில் போயிற்று. செவ்வந்தி. "என்னங்க அங்க சத்தம்? யாரு முட்டாளு?"

"உங்கண்ணன்தான்" என்றான் அறிவு, மூச்சு வாங்கியபடி.

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. "அத்தை பக்கத்துலதான் இருக்காங்க. மெதுவாத் திட்டுங்க." அதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்து போனை வைத்துவிட்டாள்.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார்கள். யூனுஸைக் கொடிக்கால்பாளையத்தில் இறக்கிவிட்டு, வைரக்கண்ணு பைக்கை விட்டிருந்த பூந்தாழங்குடி வீட்டுக்குக் கார் போயிற்று. வழியெல்லாம் அறுத்த வயல்களில் நெல்தாள் மஞ்சளாகக் கிடந்தது. இருவரும் பேசவில்லை. ஆனால் அது ஃபேனைப் பார்க்கிற மௌனம் இல்லை.

வாசலில் அகிலாண்டம் உட்கார்ந்திருந்தார். கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கியதுமே அறிவின் தோளில் துண்டு ஏறியது. "வாங்க மச்சான், காபி சாப்பிட்டுப் போகலாம்." "ஆகட்டுங்க மாப்ள." காபி வந்தது. மாதா கோயிலுக்குப் போனீர்களா, கூட்டம் எப்படி என்று அகிலாண்டம் கேட்டார். வைரக்கண்ணு எல்லாவற்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னான். செவ்வந்தி கதவுக்குப் பின்னால் நின்று, அண்ணன் முகத்தையும் கணவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைக்வரை வழியனுப்ப அறிவு வந்தான். வைரக்கண்ணு உதைத்துக் கிளப்பினான். கிளப்பிவிட்டு, கியர் போடாமல் கொஞ்ச நேரம் நின்றான். காது மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது.

"பாத்துப் போங்க மச்சான்" என்றான் அறிவு, அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி.

"வர்றேங்க மாப்ள."

கியர் விழுந்தது. அறிவு ஹேண்டில்பாரில் கை வைத்தான். குனிந்தான். எஞ்சின் சத்தத்துக்குள் ஒளித்து மெதுவாகக் கேட்டான்: "மறுபடி எப்ப வந்து திட்டுவீங்க?"

வைரக்கண்ணு யோசித்தான். திங்கட்கிழமை மெஷின் வடக்கே மதுராந்தகம் பக்கம் போகிறது. அங்கே அறுப்பு முடிந்து திரும்பச் சித்திரை ஆகிவிடும்.

"சித்திரைல வர்றேங்க" என்றான்.

"சித்திரையா?" அறிவின் கை ஹேண்டில்பாரை விடவில்லை. "அவ்ளோ நாளாங்க?"

"ஆவுமே மாப்ள. வயலு காத்துக்கிட்டிருக்கும்ல."

அறிவு கையை எடுத்தான். வைரக்கண்ணு புறப்பட்டான். ரைஸ்மில் திருப்பத்தில் கண்ணாடியில் பார்த்தபோது, துண்டு தோளில் கிடக்க, அந்தப் பய இன்னும் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தான்.